குர்பானியும் பாவநிவாரண பலியும் ஒன்றா?

மதுரை கே.கே. நகரில் ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி இறைச்சி பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் போகிறது. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக் கேக் நமக்கு வருகிறது. இந்தப் பழக்கத்தில் நம் பிள்ளைகளை நோக்கி ஒரு கேள்வி வருவதுண்டு: "நீங்களும் பாவம் தீரத்தானே ஆடு அறுக்கிறீர்கள்?" விவரம் தெரியாத பிள்ளை 'ஆமாம்' என்று சொல்லிவிடும். அந்தப் பதில் சரியல்ல. ஏன் என்று தெரிய வேண்டுமானால் அவர்களுடைய நம்பிக்கையையும் நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும்.

பனூ இஸ்ராயீல்களின் பலிகள்

பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள லேவியராகமம் ஐந்து வகைக் காணிக்கைகளைச் சொல்கிறது: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி. எல்லாமே பாவத்துக்கானவை அல்ல. சமாதானபலி நன்றிக்கும் நேர்ச்சைக்கும் உரியது. அதன் இறைச்சியைக் கொடுத்தவரும் உண்டார். போஜனபலி வெறும் மாவும் எண்ணெயும்தான்.

பாவநிவாரண பலி பெரும்பாலும் அறியாமல் செய்த பாவத்துக்கு உரியது. பாவம் செய்தவர் ஆட்டின் தலையில் கைவைத்து அறுப்பார். ஆசாரியர் இரத்தத்தைப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசுவார். ஆடு வாங்க வசதியில்லாதவர் இரண்டு புறாக்களையும், அதற்கும் வழியில்லாதவர் மாவையும் கொடுக்கலாம் (5:7, 11). பிறர் பொருளை அபகரித்தவர், அதை ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் (6:5). அதாவது பலி மட்டும் போதாது.

கி.பி. 70இல் ரோமப் படை ஜெருசலம் ஆலயத்தை இடித்தபின் யூதர்களின் பலிகள் நின்றன. தவ்பா, தொழுகை, தர்மம் ஆகியவற்றின் வழியே பாவமன்னிப்பு தேடலாம் என்று அவர்களுடைய அறிஞர்கள் கற்பித்தனர்.

கிறிஸ்தவர்கள் சொல்வது

கிறிஸ்தவர்கள் அந்தப் பலிகளை முன்னடையாளமாகப் பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கொடுத்த பலிகளுக்குப் பதிலாக, இயேசு ஒரே முறை தம்மையே பலியாகக் கொடுத்தார் என்பது எபிரெயர் நிருபத்தின் வாதம். இரத்தம் சிந்தாமல் மன்னிப்பில்லை என்று அது சொல்கிறது (9:22). அந்த மரணம் எப்படி மன்னிப்பைத் தருகிறது என்பதில் அவர்களுக்குள்ளும் ஒரே விளக்கம் இல்லை. இறைவனின் மாண்புக்குச் செலுத்திய ஈடு என்றார் 11ஆம் நூற்றாண்டின் அன்செல்ம். பாவிகளுக்கு உரிய தண்டனையை இயேசு ஏற்றார் என்று விளக்கினர் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள்.

இதே பைபிளில், பலியைவிட இரக்கமே இறைவனுக்கு விருப்பம் என்று ஓசியா 6:6 சொல்கிறது. மத்தேயு 9:13இல் இயேசு அதையே எடுத்துச் சொல்கிறார். ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்கிறது எசேக்கியேல் 18:20. கிறிஸ்தவ அறிஞர்கள் இவற்றுக்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இவை நமக்கும் அவர்களுக்கும் பேச்சைத் தொடங்க நல்ல இடம்.

நாம் நம்புவது

'குர்பான்' என்ற அரபுச் சொல்லும் 'கோர்பான்' என்ற எபிரேயச் சொல்லும் நெருங்குதல் என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. குர்பானியின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, நம் தக்வாவே அடைகிறது என்பது 22:37 வசனத்தின் கருத்து. இப்ராஹீம் (அலை) அவர்களின் மகனுக்குப் பகரமாகப் பலி அளிக்கப்பட்டது (37:107). அது ஒரு சோதனையின் முடிவு, எவருடைய பாவத்துக்கும் விலை அல்ல. ஹஜ்ஜில் சில விதிமீறல்களுக்குப் பிராணியை அறுத்துப் பரிகாரம் செய்வது உண்டு. ஆனால் அதுவும் தவறியவர் தாமே நிறைவேற்ற வேண்டிய கடமை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). பாவமன்னிப்புக்கு வழி தவ்பா; பிறர் உரிமையைப் பறித்திருந்தால் திருப்பிக் கொடுப்பதும் அதில் சேரும்.

ஆகவே அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால் பிள்ளைகள் இப்படிச் சொல்லட்டும்: "நாங்கள் பாவம் தீர அறுப்பதில்லை. அல்லாஹ்வின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து அறுக்கிறோம், பங்கிட்டு உண்கிறோம். மன்னிப்பை அவனிடமே நேரடியாகக் கேட்கிறோம்." பிறகு, "நீங்கள் எப்படி நம்புகிறீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கட்டும். வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே வாதிட வேண்டும் என்பதும் நமக்கிட்ட கட்டளைதான் (29:46).

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.