டெல்லி ரேடியோவின் ஆங்கிலேய இசையமைப்பாளர்: ஜான் ஃபோல்ட்ஸ் எழுதிய இசை எங்கே போச்சு?

ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்ட கதை பலருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1938-ல், ஹார்மோனியத்தை எதிர்த்துக் கட்டுரை எழுதியவர் டெல்லி நிலையத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர் ஜான் ஃபோல்ட்ஸ். அவருடைய வாதம் நிலைத்தது. அவர் இங்கே எழுதிய இசையில் பெரும்பகுதி காணாமல் போனது.

யார் இந்த ஃபோல்ட்ஸ்?

1880-ல் மான்செஸ்டரில் பிறந்த செல்லோ கலைஞர். ரொமான்டிக் கால இசை மரபில் வளர்ந்தவர். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக அவர் எழுதிய 'எ வேர்ல்ட் ரெக்வியம்' 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் லண்டனில் ஒலித்தது. பிறகு அதை யாரும் தொடவில்லை.

டெல்லியில் என்ன செய்தார்?

இந்திய இசையைக் கற்றிருந்த வயலின் கலைஞர் மாட் மெக்கார்த்தி அவர் மனைவி. இருவரும் 1935-ல் இந்தியா வந்தார்கள். பின்னர் டெல்லி நிலையத்தின் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஃபோல்ட்ஸ், இந்திய வாத்தியக் கலைஞர்களை வைத்து ஒரு ஆர்கெஸ்ட்ரா அமைத்தார். நம்ம வித்வான்கள் கேட்டு, மனசில் ஏற்றி வாசிப்பவர்கள். அவர்களுக்குத் தாளில் எழுதியதைப் பார்த்து வாசிக்கப் பழக்கினார். 1939-ல் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன சில நாட்களிலேயே காலராவில் இறந்தார்.

எது தப்பியது, எது போனது?

1970-களில் மால்கம் மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர் தேடிப் போனபோது, குடும்பத்தாரிடம் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. இப்போது அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அப்படி மீண்டு வந்த 'டைனமிக் டிரிப்டிக்' பியானோ படைப்பின் முதல் பகுதி, நம்ம ராகம் மாதிரி, ஏழே ஸ்வரங்களுக்குள் நிற்கிறது. வெளி ஸ்வரம் ஒன்றுகூட வராது. 'ரெக்வியம்' 2007-ல், 81 வருஷம் கழித்து, ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி ஒலித்தது.

ஆனால் இந்தியாவில் எழுதிய 'சிம்பொனி ஆஃப் ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்' கிடைக்கவே இல்லை. டெல்லி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியவற்றிலும் பெரும்பாலானவை போய்விட்டன.

இது ஏன் முக்கியம்?

நம்ம இசை குருவிடமிருந்து சிஷ்யருக்குப் போய்ப் பிழைக்கும். ஆர்கெஸ்ட்ரா இசைக்கு அந்த வழி இல்லை; ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிய தாள்தான் அதன் உயிர். அச்சேறாமல் ஒரே பிரதியாக இருந்தால், அது தொலையும்போது இசையும் தொலையும். உங்க வீட்டில் தாத்தாவின் பழைய ஸ்வர நோட்டு இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். யார் எழுதியது, எந்த வருஷம் என்பதையும் குறித்து வையுங்கள்.