இரைப்பு நோயும் பின்னிரவும்

ஆஸ்துமா எனப்படும் இரைப்பு நோய்க்கு மருந்துண்ணும் வேளை கணித்த வரலாறு, நோயாளர் உறங்காத இரவுகளில் தொடங்குகின்றது. இங்கிலாந்தின் லிச்பீல்டு நகர மருத்துவர் சர் ஜான் பிளாயர் தாமே அந்நோயால் நெடுங்காலம் வருந்தியவர். முதல் தூக்கம் கலையும் 1, 2 மணியளவில் மூச்சு முட்டுவதை 1698இல் வெளியிட்ட நூலில் குறித்தார். நாடித் துடிப்பை எண்ணுதற்கெனத் தனிக் கடிகாரம் செய்வித்தவரும் அவரே. பொழுதை அளக்கும் கண் அவர்க்கு இயல்பு போலும்!

1860இல் நூலெழுதிய ஹென்றி ஹைடு சால்ட்டரும் இரைப்பு நோயாளரே. வெறும் வயிற்றில் கடுங்காப்பி பருகுவது நலமென்றார். காப்பியிலுள்ள காபீனும் தியோபிலின் என்னும் மருந்தும் ஓரினத்தவை. மூச்சுக்குழல் மிகச் சுருங்குவது விடியற்காலை 4 மணியளவில். மருந்தின் வலுவும் அப்போதன்றோ உச்சமெய்த வேண்டும்? அதன்பொருட்டு, மெல்லக் கரையும் தியோபிலின் மாத்திரையை மாலையில் உண்ணும் முறை 1980களில் வந்தது. பிளாயரின் குறிப்பு மருந்துச் சீட்டில் ஏற ஏறத்தாழ 300 ஆண்டுகள்! இன்று அம்மாத்திரையின் இடத்தை உறிஞ்சு மருந்துகள் பெரிதும் பெற்றுள்ளன.