பால்வெட்டுக் கத்தி: ஒரு கருவி சொல்லும் வரலாறு



ரப்பர்த் தொழிலைப் பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? விதை வந்த ஆண்டு, ரிட்லியின் பெயர், கடைசியில் ‘இந்தியத் தொழிலாளர்கள் மரம் சீவினர்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு தொழில்நுட்பம் இருக்குன்னு பார்ப்போம், வாங்க.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன.

மரம் வந்துவிட்டது. பாலை எப்படி எடுப்பது? அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்தக் கொத்த மரத்தில் காயம்தான் மிஞ்சும். ஒரே மரத்தை ஆண்டுக்கணக்கில் நம்பியிருக்கும் தோட்டத்துக்கு அது சரிப்படாது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி இதற்கு வழி கண்டார். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். அடுத்த முறை அதே வெட்டையே மறுபடி சீவ வேண்டும். பாலும் கிடைக்கும், மரமும் பிழைக்கும். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, தோட்டங்களும் பெருகின.

ஆனால், ரிட்லி கண்ட முறை தினமும் நூற்றுக்கணக்கான மரங்களில் நடக்கணும்னா, கத்தி பிடிக்கும் கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நிரைபிடித்து மரம் வெட்டியவர்களின் கைப்பக்குவத்தைப் பாருங்கள்:

1. சாய்வு: வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் மேலே போகப்போக வலப்பக்கம் சற்றுச் சாய்கின்றன. எதிர்ச்சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்.

2. ஆழம்: பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் எனும் வளர்படை இருக்கிறது. அதற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் முன்பே கத்தி நிற்க வேண்டும். கட்டையைத் தொட்டால் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிற்பாடு அங்கே சீவ முடியாது.

3. கனம்: ஒரு சீவலுக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர் பட்டை போதும். தடிப்பாகச் சீவினால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். மழுங்கிய கத்தியால் மெல்லியதாகச் சீவ முடியாது. அதனால் கத்தியைத் தீட்டி வைப்பது அன்றாட வேலை.

4. நேரம்: விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்தடிக்குப் போனது இதனால்தான்.

5. சுத்தம்: முதலில் வெட்டின்மேல் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டும். பிறகுதான் சீவல். பீலியும் மங்கும் அழுக்காக இருந்தால் பால் சீக்கிரம் உறைந்துவிடும்.

இவ்வளவையும் மங்கலான வெளிச்சத்தில், மரத்துக்குச் சில நொடிகளில் செய்தார்கள். அளவுகோல் கிடையாது, கைதான் அளவு. இந்த வேலையைத்தான் பல நூல்கள் ‘திறன் தேவைப்படாத உழைப்பு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றன. கத்தியைப் பார்த்தால் அந்தச் சொல் பொருந்தாது என்பது புரியும்.

மாணவர்களே, விடை எழுதும்போது ‘மரம் சீவினர்’ என்பதோடு நிறுத்தாதீங்க. எப்படிச் சீவினர், தவறினால் மரத்துக்கு என்ன ஆகும் என்று இரண்டு வரி சேருங்கள். காரணமும் விளைவும் தானாக வந்துவிடும். ஆசிரியர்களே, தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் யாராவது இருந்தால் வகுப்புக்கு அழையுங்கள். கத்தியை அவர் கையில் கொடுத்து, பிடிக்கும் விதத்தை மாணவர்கள் பார்க்கட்டும். அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

பயிற்சி வினா: மலாயாவின் ரப்பர்த் தொழில் வளர்ச்சியில் ஆய்வும் தொழிலாளர் கைத்திறனும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்திருந்தன? விளக்குக.