பேணுதல்: 786 முதல் பத்து பகாட் காலுறை வரை

தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து ஜோகூரில் கடை வைத்த நம் முன்னோர்களின் பழைய பேரேட்டைத் திறந்தால், முதல் பக்கத்தின் உச்சியில் பெரும்பாலும் 786 என்ற எண் இருக்கும். பக்கத்துக் கடை இந்து வணிகர் பிள்ளையார் சுழி போட்டுக் கணக்கைத் தொடங்குவார். நம்மவர் 786 போட்டுத் தொடங்குவார். ரசீதிலும் பெயர்ப்பலகையிலும் திருமண அழைப்பிதழிலும் அந்த எண்ணைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். அது எப்படி வந்தது என்று நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அந்தக் கணக்கில் ‘பிஸ்மி’ என்பது 102, ‘அல்லாஹ்’ 66, ‘அர்ரஹ்மான்’ 329, ‘அர்ரஹீம்’ 289. கூட்டினால் 786. ரசீது கசங்கித் தெருவுக்குப் போகும். அழைப்பிதழ் குப்பைக்கூடைக்குப் போகும். அங்கே அல்லாஹ்வின் திருப்பெயர் கால்பட்டுவிடக் கூடாது என்றுதான் எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போட்டார்கள்.

எண் பிஸ்மிக்கு ஈடாகாது, இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்று ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்லர், கடைக்காரர்கள். வரலாறாக நாங்கள் காண்பது ஒன்றுதான்: தன் கையைவிட்டுப் போகும் காகிதம் கடைசியில் எங்கே போய் விழும் என்று, அதைக் கொடுக்கும் முன்பே யோசித்த வணிகர்கள் நமக்கு முன்னே இருந்தார்கள். அதைத்தான் நம் பெரியவர்கள் ‘பேணுதல்’ என்றார்கள்.

இந்தக் கவலை மிகப் பழையது. பெருமானார் (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரத்தில் திருப்பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இயற்கைத் தேவைக்குச் செல்லும்போது அதைக் கழற்றி வைப்பார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில் கலீஃபா அப்துல் மலிக் கலிமா பொறித்த தங்கக் காசை வெளியிட்டார். திருவசனம் தாங்கிய காசுகள் சுத்தம், அசுத்தம் பாராமல் எல்லார் கையிலும் புழங்குமே என்று சில அறிஞர்கள் அக்காலத்திலேயே வருந்தினார்கள்.

இயந்திரம் பொருளைச் செய்யத் தொடங்கிய பிறகு சிக்கல் பெருகியது. 1989இல் பாட்டா செருப்பிலிருந்த மணி முத்திரை ‘அல்லாஹ்’ என்ற எழுத்தைப் போலிருக்கிறது என்று வங்காளதேசத்தில் கலவரமே மூண்டது. 1994 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது மக்டொனால்ட்ஸ் நிறுவனம் உணவுப் பைகளில் பல நாட்டுக் கொடிகளை அச்சிட்டது. சவூதி கொடியில் கலிமா இருப்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தின்றுவிட்டுக் குப்பையில் எறியும் பையில் அது வந்துவிட்டது. 1997இல் நைக்கி நிறுவனம் இதே போன்ற புகாரால் 38,000 ஜோடிக் காலணிகளைத் திரும்பப் பெற்றது.

நம் ஜோகூருக்கு இது வேறு வடிவத்தில் முதலில் வந்தது. 2017 செப்டம்பரில் மூவாரில் ஒரு சலவைக் கடை, முஸ்லிம்களின் துணிகள் மட்டுமே ஏற்கப்படும் என்று பலகை வைத்தது. சுத்தம் பேணுவதே காரணம் என்றார்கள். ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் அதை வன்மையாகக் கண்டித்தார்; கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார், பலகை இறங்கியது. நல்ல பேணுதலும் அளவு மீறினால் அண்டை வீட்டாரைத் தள்ளிவைக்கும் சுவராகிவிடும் என்று நாம் அப்போது கற்றோம்.

பிறகு வந்தது 2024. அந்த மார்ச் மாதம் ரமலான் பிறை தொடங்கிய சில நாட்களில், பண்டார் சன்வேயிலுள்ள ஒரு கேகே மார்ட் கடையில் ‘அல்லாஹ்’ என்ற சொல் பதித்த காலுறைகள் இருப்பது தெரியவந்தது. சரக்கு சீனாவிலிருந்து இறக்குமதியானது. அதைக் கடைக்கு அனுப்பியது நம் ஜோகூரின் பத்து பகாட்டைச் சேர்ந்த சின் ஜியான் சாங் நிறுவனம். காலில் மாட்டும் பொருளில் அந்தத் திருப்பெயரைக் கண்டு புண்படாத முஸ்லிம் இல்லை. நாமும் புண்பட்டோம். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதோடு நிற்கவில்லை. புறக்கணிப்புக் குரல் எழுந்தது. மாத இறுதிக்குள் பீடோர், குவாந்தான், கூச்சிங் ஆகிய ஊர்களிலுள்ள கேகே மார்ட் கிளைகள் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அதே ஜனவரி 31இல் மாமன்னராகப் பொறுப்பேற்றிருந்த சுல்தான் இப்ராஹிம், இவ்விவகாரத்தை யாரும் தூண்டிவிட்டு ஆதாயம் தேட வேண்டாம் என எச்சரித்தார். ஏப்ரல் தொடக்கத்தில் கடையின் நிறுவனர் மாமன்னரை நேரில் கண்டு மன்னிப்புக் கோரினார். ஜூலை 15இல் இரு நிறுவனங்களும் ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன; தலா 60,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது. குண்டு வீசியவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

இதே விஷயம் நம் பக்கமும் திரும்பக்கூடியது. 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின்னான பதற்றத்தில், இலங்கையின் ஹசலக்க என்ற ஊரில் ஒரு முஸ்லிம் பெண்மணி கைது செய்யப்பட்டார். அவர் உடுத்தியிருந்த ஆடையில் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஆடையில் இருந்ததோ கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டு வாரத்துக்கும் மேல் காவலில் இருந்த பிறகே அவருக்குப் பிணை கிடைத்தது. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அந்தச் சகோதரியின் நிலையை எண்ணி வருந்தும் நாம், அடுத்தவர் பொருளில் ஒரு கோட்டையோ வளைவையோ கண்டு ஐயப்படும்போது அதே நிதானத்தை அவருக்கும் தர வேண்டாமா?

இனி எங்கள் கடைக் கதை. அந்த ரமலானில் ஒரு நாள், எங்களுக்கு நெடுங்காலமாகச் சரக்குத் தரும் சீன வணிகர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். எல்லாம் காலுறை, கால்மிதி, தலையணை உறை. “பாஸ், எனக்கு அரபு எழுத்துத் தெரியாது. இதில் ஏதாவது எழுதியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அவர் முகத்தில் இருந்த பயத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. கலந்து கட்டிவரும் சரக்கில் எந்த வடிவம் வருகிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது. தறியில் வடிவத்தை ஏற்றியவருக்கு அது எழுத்தா, பூவா என்றும் தெரிந்திருக்காது. தொழிலில் இருக்கும் நமக்கு இது தெரியும். தெரிந்தும், வெளியே பேச்சு சூடேறியபோது நாங்கள் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று பயந்தோம். இந்த மலரில் அதை எழுதிவைப்பது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து எங்கள் கிடங்கையும் சோதித்தோம். பெட்டிகளில் ஒன்றும் இல்லை. ஆனால் கீழ்த்தட்டில் செருப்புப் பெட்டிகளுக்கு அடியில் விரித்திருந்த தாள்களை இழுத்தபோது கை நின்றுவிட்டது. அவை நம் சங்கம் பழைய ஆண்டுகளில் வெளியிட்ட நாட்காட்டியின் தாள்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் அரபு எழுத்தில் பிஸ்மி. விரித்தது வேறு யாரும் அல்ல, நாங்களேதான். எங்கள் மீது யாரும் புகார் கொடுக்கவில்லை. யாரும் படம் எடுத்துப் பரப்பவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனவே பொன்விழா ஆண்டில் சங்கத்தின் முன் சிலவற்றை வைக்கிறோம். கலந்து வரும் சரக்கை அடுக்கும் முன் நம் வணிகர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். அரபு தெரியாத மற்ற இன வணிகர் கேட்டால் அவர்களுக்கும் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறொரு கடையில் ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் முதலில் அந்தக் கடைக்காரரிடம் சொல்வோம். அவர் கேட்காவிட்டால் அதிகாரிகளிடம் போவோம். தீபாவளிச் சரக்கில் சாமி படம் போட்ட உறைகள் நம் கடைகளுக்கும் வருகின்றன. அவற்றையும் தரையில் போட்டு மிதிக்காமல் பார்த்துக்கொள்வோம். பிறர் வணங்குவதை ஏசாதீர்கள் என்பதுதானே நமக்கு இடப்பட்ட கட்டளை.

கடைசியாக ஒன்று. இந்த மலரிலும் திருப்பெயர் அச்சாகியிருக்கிறது. பழைய நாட்காட்டி, அழைப்பிதழ், கிழிந்த ஓதல் ஏடு ஆகியவற்றைப் போட, சங்க அலுவலகத்தின் வாசலில் ஒரு பெட்டி வைப்போம். சேர்ந்ததை நம் பெரியவர்கள் செய்தது போல முறையாக அடக்கம் செய்வோம். பெட்டியின் செலவை எங்கள் கடை ஏற்றுக்கொள்கிறது. வல்ல இறைவன் நம் எண்ணத்தை ஏற்றருள்வானாக. ஆமீன்.