விரலிடுக்குக் கத்தியும் தோட்டப்புற வரலாறும்



விரலை வளையத்தில் நுழைத்துக் கைக்குள் அடக்கிக்கொள்ளும் சிறு வளைகத்தி ஒன்று உண்டு. கெரம்பிட் என்பது அதன் பெயர். "அன்றாட வேலைக்கும் ஆகும், தற்காப்புக்கும் ஆகும்" என்று சொல்லிக்கொண்டு அதனைச் சட்டைப்பையில் வைத்திருக்க விரும்பும் இளைஞர் உளர். அவர்களுக்கு மறுமொழி கூறுமுன், கத்தியோடு நம் சமூகத்திற்கு இருந்த உறவை அறிந்துகொள்வது நலம்.

கெரம்பிட் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களிடையே பிறந்தது. புல்லறுக்கவும் வேர் களையவும் பயன்பட்ட உழவுக் கருவியே பின்னாளில் புலிநகம் போல் வளைந்து, சிலாட் கலையின் படைக்கலமாயிற்று என்பர். ஆக, அதுவும் முதலில் வயலில் உழைத்த கருவியே.

பேராக் மாநிலத்தில் நம் முன்னோர் கையில் இருந்தது வேறொரு சிறு கத்தி. அது பால்வெட்டும் கத்தி. 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில், அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் இயூ லோவின் வளாகத்தில் நடப்பெற்றன. அவற்றுள் ஒன்றெனப் போற்றப்படும் முதுமரம் இன்றும் அந்நகரில் நிற்கிறது. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் இரிட்லி 1890களில் செம்மைப்படுத்தினார். முதல் நாள் வெட்டிய காயத்தின் விளிம்பையே மறுமுறையும் மெல்லச் சீவுவதுதான் அம்முறை.

இதில் அடங்கிய கைத்திறனை நம் மாணவர்கள் அறிய வேண்டும். பட்டையில் ஒரு முறைக்குச் சீவுவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே. பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. ஆயினும் கத்தி மரத்தின் வளர்படலத்தைத் தீண்டலாகாது. தீண்டினால் காயம் புடைத்து, அவ்விடத்தில் பின்னர் வெட்ட இயலாமற் போகும். வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும் என்பதால், விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்று, நெற்றி விளக்கின் ஒளியில் தம் நிரையில் மரம் மரமாக நடந்தார்கள் நம் பாட்டன் பாட்டிமார். மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுவதே அவர்களுடைய பெருமை. அடக்கமே அந்தக் கத்தி கற்பித்த முதற்பாடம் எனலாம்.

கருவி எப்போது ஆயுதமாகிறது?

வேலையை விட்டுப் பிரியும்போது கருவி ஆயுதமாகிறது. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதனையே கூறுகிறது. அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சட்டபூர்வ அதிகாரமோ நோக்கமோ இன்றிப் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 5 முதல் 10 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் விதிக்கப்படலாம். விடியலில் மரக்காட்டுக்குச் செல்பவர் கையிலுள்ள கத்திக்கு நோக்கம் உண்டு. இரவில் ஈப்போ கடைத்தெருவில் ஓர் இளைஞனின் இடுப்பில் உள்ள கத்திக்கு அத்தகைய நோக்கம் ஏது?

"தற்காப்புக்கு" என்பது போதிய விடையன்று. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. எனினும் அது ஆபத்து நேரும்போது, தேவையான அளவுக்கு மட்டுமே எழும் உரிமை. எப்போதும் ஆயுதத்தோடு நடமாட அது அளித்த உரிமமன்று. 18 வயதுக்குட்பட்டோர் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி விசாரிக்கப்படுவர் என்பது உண்மை. ஆயினும் கைது, வழக்கு, படிப்பில் முறிவு ஆகியவை எந்த வயதிலும் வடுவே.

வேலை இழந்த கத்தி

1950களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். பின்னர் இரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்துப் புறம்போக்குகளிலும் அடுக்குமாடிகளிலும் ஒதுங்கின. கோயில், பள்ளி, அண்டைவீட்டார் என்றிருந்த பழைய காவல் குலைந்தது. அந்த வெற்றிடத்தில் குண்டர் கும்பல்கள் "நாங்கள் உனக்குப் பாதுகாப்பு" என்று நுழைந்தன. 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர் எனத் தெரியவந்தது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சமூகத்திற்கு இது தலைகுனிவு மட்டுமன்று, எச்சரிக்கையும் ஆகும்.

அதே துண்டாடலுக்கு வேறொரு தற்காப்பும் பேராக்கிலிருந்தே பிறந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பாட்டாளிகள் தவணையில் செலுத்திய சிறு தொகைகளைத் திரட்டி, தோட்டங்களை அச்சங்கத்தின் பெயரில் வாங்கினார். பால்வெட்டிய கைகள் தோட்டத்தின் பங்குதாரர் கைகளாயின. ஒருவர் தனித்து ஏந்தும் கத்தி தராத காவலைப் பலர் சேர்ந்த முயற்சி தந்தது.

நாம் செய்யத்தக்கவை

கத்தி வைத்திருக்கும் பிள்ளை பெரும்பாலும் எதற்கோ அஞ்சுகிற பிள்ளை. கத்தியைப் பறிப்பதோடு நின்றுவிடாமல், அச்சத்தின் காரணத்தைக் கேட்போம். வழியில் மிரட்டுவோர் யார், பேருந்து நிலையத்தில் காத்திருப்போர் யார் என்று பொறுமையாக விசாரிப்போம். தேவையானால் பெற்றோரும் பள்ளியும் இணைந்து காவல்துறையை அணுகுவோம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை இடைநிலைப்பள்ளிக்குச் செல்லுமுன்னரே எளிய தமிழில் விளக்குவோம்.

மற்றொன்றும் செய்யலாம். பாட்டி வீட்டுப் பரணில் பால்வெட்டும் கத்தி ஒன்று கிடந்தால், அதனை மங்குடன் சேர்த்துப் பள்ளியின் வரலாற்று மூலையில் கண்ணாடிப் பேழையில் வைப்போம். அதனைப் பிடித்திருந்த கை எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை மரம் வெட்டியது என்று பிள்ளைகள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வரட்டும்.