தரங்கம்பாடித் தபால்

நடுவர் அவர்களே! சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தபால்காரர் வருகைக்குக் காத்துக் கிடந்த ஊர் இந்தக் கடையநல்லூர். இங்கே வந்து, 'கடிதம் வெறும் குசலம் விசாரிக்கத்தான்'னு எதிரணி நண்பர் போட்டாரே ஒரு போடு!

1706-இல் ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்குகிறார். இளம் வயசு. மதம் பரப்ப வந்தவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் படிக்கிறார். பிறகு 1712 முதல் 1714 வரை, அவரும் நண்பர் கிருண்ட்லரும் தமிழறிந்த நம்மவர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்புகிறார்கள். சாமி எது, சடங்கு எது, எங்கள் மதத்துக்கு ஏன் வரமாட்டேங்கிறீங்க? பதிலாக வந்து சேர்ந்தவை 99 கடிதங்கள்!

நம்ம ஆள் விட்டாரா? குடிக்கிறீங்க, சுத்தம் பார்க்கிறதில்லை, உங்க நடத்தையைப் பார்த்துட்டு எப்படி வர்றதுன்னு எழுதிட்டார். அன்றைக்குத் தரங்கம்பாடி டென்மார்க்காரன் கையில், கோட்டை அவனுடையது. முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடியுமாய்யா? ஓலை சொன்னது!

அதைவிடப் பெரிசு, வாங்கினவர் அதைக் கிழித்துப் போடவில்லை. வசவையும் சேர்த்தே ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். ஹாலே நகரில் அச்சாயிற்று. எழுதியவர்கள் பெயரை மட்டும் போடவில்லை.

தமிழ் மூலம் தொலைந்தே போச்சு. நம்ம தாத்தாக்கள் எழுதினதை இன்றைக்கு ஜெர்மன் வழியாகத்தான் படிக்கிறோம், நடுவர் அவர்களே!