சேம அச்சும் காடிக் கலமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பாலைவனத்து நடுவே அமைந்த ஊர். குளிர்காலம் தொடங்கியதும், வடக்கே விழும் உறைபனிக்குத் தப்பி, வண்டியையே வீடாகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து கூடுகிறார்கள். வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வண்டியில் குடியேறிய முதியவர்களும் அவர்களுள் உண்டு. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ நூல் இத்தகையோரைப் பற்றியது. 2020இல் அது திரைப்படமாகவும் வந்தது.

என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் அண்மையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். “ஐயா, வண்டிக்குள்ளேயே சமைத்து, உறங்கி, பாலையில் ஒரு குளிர்காலத்தைக் கழிப்பதென்றால் எவ்வளவு முன்னேற்பாடு வேண்டும்! நம் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கமே இல்லை” என்றார். முதுகலையில் பத்துப்பாட்டுப் படித்தவர் அவர். பாடம் நடத்தியவன் நான். யாரை நோவது? அன்று அவரிடம் சொன்னவற்றையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் வண்டித்தொடர் ஒன்று வருகிறது. உமணர் என்போர் உப்பு வணிகர். கடற்கரை அளத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் செல்பவர்கள். அவர்களின் வண்டிகளின் வரிசைக்கு ஒழுகை என்று பெயர். புலவர் அந்த வண்டியை ஏறக்குறைய ஒரு தச்சனின் கண்ணோடு பார்த்திருக்கிறார். உருளை, ஆரம், பார் என்று உறுப்புகளைச் சொல்லி, மேலே வேய்ந்த கூரைக்கு வருகிறார். பிறகு வண்டியில் உள்ள பொருள்களைக் காட்டுகிறார். வாயிலருகே கோழிக்கூடு. பிடியானையின் முழந்தாள் போன்ற சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. முன்புறம் காடி வைத்த கலம் கயிற்றால் இறுகப் பிணிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர் இருமருங்கும் நடந்து ஒழுகையைக் காத்து வருகிறார்கள்.

இப்பொருள்களை அழகுக்காக அடுக்கியதாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தெரிகிறது. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றவர்கள். இரண்டும் ஒரே அளவு என்று கூவி விற்றதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கையில் சேர்வது நெல்லானால், வழியில் குத்திச் சோறாக்க உரல் வேண்டும். புளிப்பேறிய உணவு வெயிலில் எளிதில் கெடாது. ஆகவே காடிக் கலம். மேற்கூரை குடும்பத்துக்கு மட்டுமன்று, சரக்குக்கும் காப்பு. குறுந்தொகைப் பாடல் ஒன்றில், ஏறுவதற்கரிய கரையில் நின்றுபோன உப்பு வண்டி பெருமழையில் அழிந்துபடுவது உவமையாக வருகிறது. ஒரு மழையில் முதல் முழுவதும் கரைந்துவிடக்கூடிய வணிகம் அது.

முன்னேற்பாட்டின் உச்சம் என்று நான் கருதுவது புறநானூற்றில் உள்ளது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், அவனை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் புதியவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் பள்ளமும் மேடும் வரும். என்ன நேருமென்று யார் அறிவார்? இதை எண்ணியே உமணர் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்தார்கள். இன்று காரின் பின்புறம் நாம் வைத்திருக்கும் ஸ்டெப்னியின் மூதாதை அது.

பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டு இளந்திரையனைப் பாடுவது. நம் பக்கத்துக்குச் சான்று உண்டா என்று மாணவர் கேட்டார். உண்டு. சிறுபாணாற்றுப்படையில் உமணர் ஒழுகையோடு வந்த குரங்கு ஒன்று, கிளிஞ்சிலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி, உமணக் குழந்தைகளோடு விளையாடுகிறது. அது பாண்டியரின் கொற்கைக் கரை. மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில், சமண முனிவர்களுக்குக் கொடையளித்த மதுரை வணிகர்களுள் உப்பு வணிகன் ஒருவனும் இருக்கிறான். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய எழுத்து அது. கொற்கையிலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பாரவண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நகரும். பல நாள் வண்டியில்தான் குடித்தனம்.

இனி, பாலையும் குளிரும். மணல் மட்டுமே விரிந்த பாலைவனம் நமக்கில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை பொய்த்த மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தவர்க்கு இதற்கு உரை தேவையில்லை. பாலைக்கு வேனிலை உரிய பொழுதாகச் சொல்லும் தொல்காப்பியம், பின்பனியும் அதற்கு உரியது என்கிறது. பின்பனி என்பது மாசியும் பங்குனியும். விடியலில் பனி, நடுப்பகலில் சுடுவெயில். பிரிவின் துயருக்குப் பொருத்தமான காலம் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். வண்டிக்காரனின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு காரணமும் தோன்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறான தடங்கள் அதற்குள் இறுகிவிடும். உப்பு கரையும் அச்சம் குறையும். பயணம் கிளம்ப ஏற்ற பருவம் அது. இது என் ஊகம்தான், மறுப்போர் மறுக்கலாம்.

அகப்பாடல்களின் பாலையில் பெரும்பாலும் ஆண் பொருள் தேடிப் போகிறான். பெண் வீட்டில் காத்திருக்கிறாள். காட்டின் வெம்மையை நீ தாங்கமாட்டாய் என்பதே அவளை விட்டுச் செல்ல அவன் கூறும் காரணம். உடன்போக்கில் அவளும் அவ்வழியில் நடக்கிறாள் என்றாலும், அது வாழ்வில் ஒருமுறை நிகழ்வது. ஆனால் நெடுவழியில் கைக்குழந்தையோடு எருது ஓட்டிச் சென்ற உமணப்பெண்ணுக்குப் பயணமே வாழ்வு. தலைவி தாங்கமாட்டாள் என்று சொல்லப்பட்ட நிலத்தை அவள் கடந்தாள். அவளுக்குக் கூரையும் உரலும் காடியும் துணைவர் கூட்டமும் இருந்தன. வெம்மை இருவருக்கும் ஒன்றே, வேறுபட்டது ஏற்பாடு. பாலையின் கொடுமை என்று நாம் பாடம் சொல்வதில் எத்தனை பங்கு நிலத்தினுடையது, எத்தனை பங்கு தனியே புறப்பட்டவனுடையது என்று நாம் கேட்டுப் பார்த்ததில்லை.

இதைக் கற்பனை இன்பமாக்கிவிடவும் கூடாது. உமணர் அடுக்கிவிட்டுப் போன அடுப்புக் கற்களில் வில்லேந்திய மழவர் ஊன் சமைத்ததை அகநானூறு காட்டுகிறது. காவல் தேவைப்பட்ட வழி அது. கால் முடமான எருதை நீரும் புல்லும் தராமல் யாருமற்ற இடத்தில் உமணர் விட்டுச் சென்றதைப் புறநானூறு சொல்கிறது. சேம அச்சு இருந்தது. சேம எருது இல்லை.

நாடோடி உப்பு வணிகம் சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் எருது, கழுதைகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றிக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்றவர்கள் இருந்தார்கள். உப்புக் குறவர் என்றே அவர்களுள் ஒரு பிரிவினருக்குப் பெயர். இவர்களும் உமணரும் ஒரே மரபினர் என்று சொல்லச் சான்றில்லை. தொழிலும் வாழ்முறையும் ஒத்தவை. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. 1870களில் மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. உப்பு ரயிலேறியது, சுமந்தவர்கள் வழியில் நின்றார்கள். 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டபோது, அதன் பட்டியலில் குறவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அச்சட்டம் என்ன செய்யும் என்பதை 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் உசிலம்பட்டிப் பகுதி கண்டது. அங்கே எதிர்த்து நின்றவர்கள் நிலையாக ஊரில் வாழ்ந்த கள்ளர்கள். ஊர் ஊராகத் திரிந்தவர்களுக்கோ, வீடின்றி அலைவதே ஐயத்துக்குக் காரணமாயிற்று. தொழிலைப் பறித்த அரசே, தொழிலின்றித் திரிகிறார்கள் என்றும் குறித்துக்கொண்டது. மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

புலவர்கள் உரலையும் கோழிக்கூட்டையும் கண்ட இடத்தில் காவல்துறை கண்டது வேறு. குவார்ட்சைட்டின் முதியவர்களைப் பார்த்து வியந்த என் மாணவர், நம் சாலையோரத்தில் கூடாரமிட்டுத் தங்குவோரை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

புறப்படும்போது, அவருடைய காரின் பின்கதவைத் திறந்து ஸ்டெப்னியைக் காட்டச் சொன்னேன். வாங்கியதிலிருந்து தொட்டதில்லை என்றார். கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போயிற்று. காற்றில்லை.